தோட்டத்து நாய்கள்: மைனாவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு

சென்ற இதழில் என் விப்பெட் இனப் பெட்டை நாய் மைனாவின் படம் வெளியானது. நாய்க் கண்காட்சியில் சாம்பியன் பட்டம் பெற்றவள், மூன்று முறை குட்டி ஈன்றவள் என்று அதன் கீழே ஒரு வரிதான் இருந்தது. அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வந்ததில் மகிழ்ச்சி. இம்முறை பதில்கள் எல்லாம் அவளைச் சுற்றியே.

விப்பெட்டும் நம் சிப்பிப்பாறையும் ஒரே வம்சமா? – வாசகர், காங்கேயம்

இல்லை. இரண்டும் கண்ணால் பார்த்து விரட்டும் வேட்டை நாய்கள் என்பதால் சாயல் ஒன்றாகத் தெரிகிறது. விப்பெட் வட இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் அதை முயல் பிடிக்கவும் பந்தயத்துக்கும் வைத்திருந்தார்கள். தடத்தின் கோடியில் நின்று துணியை ஆட்டினால் நாய்கள் அதை நோக்கிப் பாயும். 1891இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அங்குள்ள கென்னல் கிளப் அதைத் தனி இனமாக ஏற்றது. பெட்டையின் உயரம் 44 முதல் 47 செ.மீ. சிப்பிப்பாறை அதைவிட நெடியது. நானும் மைனாவைத் துண்டை ஆட்டித்தான் கூப்பிடுவேன். மஞ்சள் வெட்டி முடித்த காட்டில் மயிலைக் கண்டு ஓடத் தொடங்கிவிட்டால் அவளுக்குப் பெயர் காதில் விழாது, துண்டு மட்டும் கண்ணில் படும்.

என் பெட்டைக்கு விலா எலும்பு தெரிகிறது. பட்டினி போடுகிறீர்களா என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். இப்படிப்பட்ட உடம்புக்கு எப்படி அக்கா பரிசு தருகிறார்கள்? – வாசகி, பல்லடம்

அவர்கள் பேச்சை விடுங்கள், அம்மணி. நன்றாக ஓடும் விப்பெட்டுக்குக் கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் லேசாகத் தெரிவது இயல்பு. முதுகெலும்பு நெடுகத் துருத்தினால்தான் கவலைப்பட வேண்டும். வால் தொடைகளுக்கு நடுவே தொங்குவதும் இந்த இனத்தின் இயல்புதான், அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நடுவர் முதலில் மேசைமேல் நிறுத்திக் கையால் தடவிப் பார்ப்பார். ஆழ்ந்த மார்பு, இடுப்புக்கு மேல் மெல்ல வளையும் முதுகு, உள்வாங்கிய வயிறு, பின்னங்கால் சதை இவையெல்லாம் கைக்குத் தெரிய வேண்டும். பிறகு நடக்கச் சொல்வார். முன்னங்கால் தரையை ஒட்டி முன்னே நீள வேண்டும், உயரத் தூக்கி வைக்கக் கூடாது. ஒரு நாள் வெற்றியால் சாம்பியன் ஆகிவிட முடியாது. சிறந்த நாய்க்கு நடுவர் தரும் சவால் சான்றிதழை வெவ்வேறு நடுவர்களிடம் பெற்றாக வேண்டும்.

மைனாவின் பெரிய பலம் அவள் நிதானம். முன்பின் தெரியாதவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாலும் அசையாமல் நிற்பாள். அதைக் கண்காட்சித் திடலில் கற்றுத்தர முடியாது. எங்கள் சாளையின் (தோட்டத்து வீட்டின்) திண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மேசை உண்டு. குட்டியாக இருக்கும்போதே அவளை அதன்மேல் நிறுத்தி, வீட்டுக்கு வரும் உறவினர், பால் ஊற்ற வருபவர், தேங்காய் போட வருபவர் எல்லாரையும் தொட்டுப் பார்க்கச் சொல்வேன்.

என் சாம்பியன் பெட்டையை ஒவ்வொரு பருவத்திலும் இணை சேர்க்கலாம், நல்ல வருமானம் என்கிறார் ஒரு வியாபாரி. செய்யலாமா? – வாசகர், ஈரோடு

கூடவே கூடாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் 18 மாதம் நிரம்பாத பெட்டையையும் எட்டு வயது கடந்ததையும் இணை சேர்க்கத் தடை விதிக்கின்றன. வாழ்நாளில் ஐந்து முறைக்கு மேல் ஈனவிடவும் அனுமதி இல்லை. நான் மைனாவுக்கு மூன்றோடு நிறுத்தினேன். மூன்றாம் முறை பால் மறந்தபின் அவள் முதுகுச் சதை பழையபடி தேற வெகு காலம் பிடித்தது. அதைக் கையால் தடவி உணர்ந்தபின் இன்னொரு முறை என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது.

கடுவனை, அதாவது ஆண் நாயை, தேர்ந்தெடுக்கும்போதும் பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். புகழ் பெற்ற ஒரே கடுவனை எல்லாரும் தேடிப் போனால், சில தலைமுறைகளில் எல்லாக் குட்டிகளும் உறவாகிவிடும், ஒளிந்திருக்கும் குறைகள் வெளியே வரும். வம்சாவளிச் சான்றிதழில் உள்ள தலைமுறைகளைப் படியுங்கள். இரண்டு நாய்களுக்கும் புருசெல்லா (இணை சேரும்போது தொற்றிக் கருவைக் கலைக்கும் கிருமி) பரிசோதனை செய்யுங்கள், இதயத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சினையாக இருக்கும் விப்பெட்டுக்குக் கால்சியம் கொடுக்கலாமா? என்ன தீனி? – வாசகி, அந்தியூர்

இந்தக் கடிதத்துக்குத்தான் நீளமாக எழுத ஆசைப்படுகிறேன். அன்பாலேயே பலர் கெடுதல் செய்யும் இடம் இது. மருத்துவர் சொல்லாமல் சினைக் காலத்தில் கால்சியம் மருந்து கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து தாராளமாகக் கிடைத்தால், எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துத் தரும் சுரப்பி மந்தமாகிவிடும். குட்டிகள் பால் குடிக்கத் தொடங்கித் தேவை திடீரென ஏறும்போது அந்தச் சுரப்பியால் ஈடுகொடுக்க முடியாது. தாய் நடுங்கும், மூச்சிரைக்கும், கால் விறைக்கும், காய்ச்சல் கொதிக்கும். ஈன்ற முதல் சில வாரங்களில் இப்படிக் கண்டால் குட்டிகளைப் பிரித்துவிட்டு அந்த நேரமே மருத்துவரிடம் ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருந்தால் உயிர் போய்விடும்.

சினைக்காலம் சுமார் 63 நாள். முதல் ஐந்து வாரம் வழக்கமான தீனியே போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வயிறு பெருத்தபின் சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். ராகிக் கூழை மட்டும் ஊற்றி வயிற்றை நிரப்பாதீர்கள். வேகவைத்த இறைச்சி, முட்டை, தரமான நாய் உணவு வேண்டும். பால் கொடுக்கும் மூன்றாம் நான்காம் வாரத்தில் வழக்கத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தின்பாள், தடுக்காதீர்கள்.

55ஆம் நாளுக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளை எண்ணிவிடலாம். கடைசி வாரம் காலை மாலை உடல் வெப்பம் பாருங்கள். 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனுவாள். அந்த இரவு வண்டியும் மருத்துவர் எண்ணும் தயாராக இருக்கட்டும். அறுவை தேவைப்பட்டால் இது விப்பெட் என்பதை முதலில் சொல்லுங்கள். உடலில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சில மயக்க மருந்துகள் இவற்றுக்கு எளிதில் தெளியாது. மார்கழியில் ஈன்றால் முதல் வாரம் குட்டிகளின் இடம் 30 டிகிரியை ஒட்டி வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். குட்டிகள் தாமாக உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ளாது.

விப்பெட்டை வைத்துக் காட்டு முயல் பிடிக்கலாமா? – வாசகர், தாராபுரம்

வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஓடுவதற்குக் கல்லும் முள்கம்பியும் இல்லாத விளைநிலம் போதும். இதன் தோல் மெல்லியது, கம்பி வேலியில் உரசினாலே கிழிந்து தையல் போட நேரும்.

ஏழு வயது சாம்பியன் பெட்டையை ஒருவர் இலவசமாகத் தருகிறார். இனி குட்டி ஈனாது என்கிறார். வாங்கலாமா? – வாசகி, பவானி

வாங்குங்கள். மைனாவும் இப்போது கண்காட்சியும் குட்டியும் இல்லாமல் என் கட்டிலில் பாதியைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள். ஆனால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வாங்குங்கள்: கருப்பை எடுத்தாயிற்றா? எடுக்காத வயதான பெட்டைக்குப் பருவம் முடிந்து ஓரிரு மாதத்துக்குள் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, சோர்வு, தீனியை வெறுப்பது இவை அதன் அறிகுறிகள். எடுக்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை செய்து, விப்பெட்டுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மருத்துவரிடம் அறுவைக்கு நாள் கேளுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். முலைகளில் கட்டி இருக்கிறதா, பல் எப்படி இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். படுக்கைக்குக் கனத்த மெத்தை போடுங்கள், சதையில்லாத முழங்கை வெறுந்தரையில் புண்ணாகும்.