ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடியும்வரை மகளின் போனை வாங்கிப் பூட்டி வைக்கலாமா?

மகள் உயிரியல் பிரிவு, வயது 17, பரீட்சை முடியும்வரை போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் கம்பஸ் (பல்கலைக்கழகம்) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். திருகோணமலை என்று போட்டிருக்கிறபடியால்தான் எழுதுகிறேன். மற்றப்படி இந்த மாதிரிக் கேள்விகளைத் தட்டிவிட்டுப் போகிற ஆள் நான்.

பூட்டலாம். ஒரு கிழமைக்குள் நீங்களே திறந்து கொடுப்பீர்கள். உங்கள் பிள்ளைக்கும் கெமிஸ்ட்ரி ரியூசன் நேரம் மாறினால் வட்ஸ்அப்பில்தானே வரும்? தவணைப் பரீட்சை அட்டவணை, சேர் (ஆசிரியர்) அனுப்புகிற மாதிரி வினாத்தாள், சூம் வகுப்பின் ரெக்கோர்டிங், எல்லாம் அதற்குள்தான். கொரோனாக் காலத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கினார்கள், பிறகு ஒருவரும் அதை விடவில்லை. பிள்ளையின் கையில் போனைத் திணித்தவர்களே பெற்றோர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து "பிள்ளைகளுக்குப் போன் கொடுக்காதீர்கள்" என்று எங்களுக்குப் புத்தி சொல்வார்கள். எல்லாச் சேர்மாரையும் சொல்லவில்லை. விடிய ஐந்து மணிக்குக் காசு வாங்காமல் வகுப்பு எடுத்தவரும் இந்த ஊரில்தான் இருக்கிறார். தயவுசெய்து என்னோடு சண்டைக்கு வராதீர்கள்.

எங்கள் வீட்டில் சண்டை வந்தது இரவு டேட்டாவால். நள்ளிரவுக்குப் பிறகு மலிவாகக் கிடைக்கிற டேட்டா இருக்கிறதே, அது. "அம்மா, ரெக்கோர்டிங் இறக்கிறன்" என்று சொல்லி மகள் ஒரு மணி, ஒன்றரை மணிவரை முழித்திருப்பாள். பொய்யும் இல்லை, இறக்கத்தான் செய்தாள். ஆனால் ஒரு வகுப்பு இறங்கி முடிய எவ்வளவு நேரம்? அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டா இருப்பாள்? டிக்டொக். அடுத்த நாள் பௌதீகவியல் வகுப்பில் தூக்கம்.

அதனால் பத்தரைக்குப் பிறகு போன் என் தையல் மெசினுக்கு மேலே சார்ஜில் இருக்க வேண்டும் என்று பேசி வைத்தோம். நாலரைக்குச் சமைக்க எழும்புகிறவள் நான்தான், அந்த நேரமும் இரவு டேட்டா கணக்கில்தான் போகும். எழும்பினதும் நானே தரவிறக்கத்தைத் தட்டிவிடுவேன். புட்டு அவிந்து சம்பலும் ஆகிற நேரத்துக்குள் வகுப்பு இறங்கியிருக்கும். அந்தச் சாக்கில் எந்தச் சேர் எந்தப் பாடம் எடுக்கிறார், எத்தனையை அவள் பார்க்காமலே சேர்த்து வைத்திருக்கிறாள் என்பதும் எனக்குத் தெரிந்துபோனது. போன்தான் அலாரம், அது பக்கத்தில் வேண்டும் என்று ஒரு வாதம் வைத்தாள். மத்திய வீதியில் ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுத்தேன், வாதம் முடிந்தது.

அடுத்தது குழுக்கள். பெற்றோர் அநேகமாக எட்டிப் பார்க்காத இடம் இதுதான். ஒரு ரிவிசன் வகுப்புக் குழுவில் நூற்றுக்கணக்கான பேர் இருப்பார்கள், அத்தனை பேருக்கும் உங்கள் மகளின் இலக்கம் தெரியும். புரொபைல் படத்தைத் திறந்து விட்டிருந்தால் முகமும் தெரியும். "தங்கச்சி, நோட்ஸ் இருக்கா?" என்று ஒரு தெரியாத இலக்கம் ஆரம்பிக்கும். என் மகளுக்கும் வந்தது, தானாகக் கொண்டுவந்து காட்டினாள். முன்னொரு தடவை இப்படி ஒன்றைக் காட்டியபோது நான் கத்தாமல் இருந்ததன் பலன் அது. இரண்டு பேரும் இருந்து படத்தையும், கடைசியாக வந்துபோன நேரத்தையும் தெரிந்த இலக்கங்களுக்கு மட்டும் என்று மாற்றினோம். யார் அவளைக் குழுக்களில் சேர்க்கலாம் என்பதையும் அப்படியே மாற்றினோம். ஐந்து நிமிட வேலை. ஆள் விடாமல் தொல்லை கொடுத்தாலோ, படத்தை வைத்து மிரட்டினாலோ 1929க்கு எடுங்கள், அது சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். மானம் போய்விடும் என்று பெற்றோர் மூடி மறைப்பார்கள் என்பதை நம்பித்தான் அவன்களும் மிரட்டுகிறார்கள்.

பெண்பிள்ளைக்குப் போனைக் கொடுத்துவிட்டு இங்கே வந்து பெருமை பேசுகிறாள் என்று யாரோ எழுதப் போகிறீர்கள், தெரியும். கொஞ்சம் பொறுங்கள், பெருமைப்படுகிற இடம் இனித்தான் வருகிறது.

அவள் எழுதியது 2024 பரீட்சை. நவம்பர் 25 தொடங்கியது. மழையும் விடாமல் பிடித்துக்கொள்ள, 27ஆம் திகதியிலிருந்து நிறுத்தினார்கள். முதலில் மூன்று நாள் என்றார்கள், பிறகு டிசம்பர் 3 வரைக்கும் நீட்டினார்கள். அந்த ஒரு கிழமை பட்ட பாடு! வெளியில் வெள்ளம், கரண்ட் வருவதும் போவதும், போனைத் திறந்தால் அரை மணிக்கு ஒரு "முக்கிய அறிவித்தல்". அதில் ஒன்று, கிழக்கு மாகாணப் பிள்ளைகளுக்கு மட்டும் ஜனவரியில் வேறு வினாத்தாள் என்றது. மேலே அரச இலச்சினை, கீழே யாரோ ஒருவரின் கையெழுத்து, நடுவில் தமிழ் முழுக்க எழுத்துப் பிழை. பிழையை வைத்தே போலி என்று கண்டுபிடிக்கலாமே என்பீர்கள். நான் கந்தோரில் எழுதுவினைஞர், எங்களுக்கு வருகிற உண்மையான அரசாங்கக் கடிதங்களிலேயே தமிழ் அந்த இலட்சணத்தில்தான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி எழுதினால் பதில் சிங்களத்தில் வரும். சரி, அது வேறு கதை.

மகளுக்கு வெருகல் பக்கம் ஒரு சிநேகிதி. வீட்டுக்குள் தண்ணீர், புத்தகங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டுக் கட்டிலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று இவளுக்குத் துடிப்பு. "பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கா என்று பார்த்திட்டு அனுப்பு" என்றேன். பார்த்தாள், இல்லை. திணைக்களத்தின் 1911க்கு எடுத்தோம், லைன் கிடைக்கவில்லை. இரவு வானொலிச் செய்தி வரைக்கும் பொறுத்தாள், அதிலும் ஒன்றும் இல்லை. அதற்குள் குழுவில் பாதிப் பேர் "அப்பாடா" என்று கைகூப்பி முடித்துவிட்டார்கள். இவள் மட்டும், "தளத்தில் இல்லை, றேடியோவிலும் சொல்லவில்லை, படியுங்கோ" என்று போட்டாள். "உனக்குத்தான் எல்லாம் தெரியுமாக்கும்" என்று வாங்கியும் கட்டிக்கொண்டாள். டிசம்பர் 4 பரீட்சை எல்லா மாகாணத்துக்கும் சேர்த்துத்தான் தொடங்கியது. அந்த வெருகல் பிள்ளை வந்து எழுதினாள். மகளின் பெறுபேற்றைவிட இதைத்தான் நான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இன்னொன்றையும் உங்கள் மகளுக்கு இப்போதே சொல்லி வையுங்கள். முந்தைய பரீட்சையில் விவசாய விஞ்ஞான வினாத்தாள் வெளியில் போய், 2024 ஜனவரியில் அந்தப் பரீட்சையை இரத்துச் செய்து, பிறகு திரும்ப வைத்தார்கள். அன்றிலிருந்து டெலிகிராமில் கடை விரிக்கிறவர்களுக்கு நல்ல காலம். "நாளைய பேப்பர் கையில் இருக்கு, ரீலோட் போட்டால் அனுப்பிறன்" (தன் போனுக்குக் காசு ஏற்றச் சொல்கிறான்) என்று மங்கலான ஒரு படத்தைக் காட்டுவான். மகளின் வகுப்பில் சில பேர் சேர்ந்து போட்டார்கள். வந்தது ஆண்டு இலக்கத்தை அழித்த பழைய பாஸ் பேப்பர். மகளும் போட்டாளா என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். உண்மையான பேப்பராகவே இருந்து அகப்பட்டால் இன்னும் மோசம், பெறுபேறும் போய்ப் பரீட்சை எழுதவும் தடை வரலாம்.

அவுஸ்திரேலியாவைப் போல இங்கேயும் சட்டம் போட்டால் என்ன என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருக்கிறீர்கள். அங்கே 2025 டிசம்பர் 10ஆம் திகதியிலிருந்து சமூக ஊடகக் கணக்குகளுக்குத் தடை, ஆனால் 16 வயதுக்குக் கீழ்தான். உங்கள் மகளுக்கு 17. அந்தச் சட்டம் நாளைக்கே இங்கே வந்தாலும் உங்கள் வீட்டுப் போனைத் தொடாது.

இப்போது என் வயிற்றெரிச்சல். மகள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்கு எடுபட்டிருக்கிறாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு உறவுக்காரர் வாழ்த்த எடுத்தார். வாழ்த்து அரை நிமிடம், மிச்சம் முழுக்க "உங்களுக்கென்ன, பின்தங்கிய மாவட்டம், கோட்டாவில எடுப்பினம்தானே" என்கிற கதை. கணக்கை ஒருதரம் ஒழுங்காகச் சொல்கிறேன். அநேகமான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை வரிசை, 55 சதவீதம் எல்லா 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகைப்படி. கடைசி 5 சதவீதம்தான் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலை இருக்கிறது, யாழ்ப்பாணமும் இருக்கிறது! அவரிடம் சொன்னேன். டவர் கிடைக்கவில்லையாம், லைன் கட்டாகிவிட்டது. மூதூரிலும் ஈச்சிலம்பற்றிலும் உயர்தரத்துக்குக் கணித ஆசிரியர் இல்லாமல் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்கு வந்து படிப்பதை இவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு கோட்டாவைப் பற்றிக் கதைக்கட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெறுபேறு வந்த பிறகு பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில்தான். மின்னஞ்சல், கைபேசி இலக்கம் இரண்டையும் கேட்பார்கள், வெட்டுப்புள்ளி (எடுபடத் தேவையான ஆகக்குறைந்த புள்ளி) வர மாதக்கணக்கில் ஆகும். இடையில் சிம்மை மாற்றவோ தொலைக்கவோ விடாதீர்கள். மின்னஞ்சலையும் இப்போதே பார்த்து வையுங்கள். என் மகள் ஒன்பதாம் வகுப்பில் திறந்து வைத்திருந்த முகவரியில் ஏஞ்சல், பட்டர்ஃபிளை, இலக்கங்கள் எல்லாம் இருந்தன, கடவுச்சொல் மட்டும் அவளுக்கே ஞாபகமில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரில் புதிதாக ஒன்று திறந்து, அவள் வேண்டாம் என்று கத்தக் கத்தக் கடவுச்சொல்லை என் வங்கிப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.