தொட்டியில் வளர்க்க எந்த வீரிய ஒட்டுத் தக்காளி?

கேள்வி: மாடித் தொட்டிகளில் வளர்க்க வீரிய ஒட்டுத் தக்காளி விதை வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும்? அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை மீண்டும் விதைக்கலாமா?

பதில்: முதலில் செடி வளரும் விதத்தைப் பாருங்கள். குட்டை ரகங்கள் ஓரளவு உயரத்தில் நுனியில் பூங்கொத்து விட்டு வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சில வாரங்களுக்குள் பெரும்பாலான காய்களைத் தந்துவிடும்; ஓயாமல் நீண்டு மாதக்கணக்கில் காய்க்கும் உயர ரகங்களுக்கோ உறுதியான ஊன்றுகோலும், குறைந்தது 20 லிட்டர் மண் கொள்ளும் தொட்டியும், பக்கக் கிளைகளை விடாமல் கிள்ளிவிடும் பொறுமையும் வேண்டும். தொட்டிக்குக் குட்டை ரகமே ஏற்றது என்பது என் கருத்து.

அதைவிட முக்கியமானது நோய் எதிர்ப்புத் திறன். விதைப் பொட்டலத்தில் ரகப் பெயரை அடுத்து வி, எஃப், என் என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், அவை முறையே வெர்ட்டிசிலியம் வாடல், ஃபியூசேரியம் வாடல் (இரண்டும் பூஞ்சை நோய்கள்), வேர்முடிச்சு நூற்புழு ஆகியவற்றுக்கான எதிர்ப்பைக் குறிக்கும். வெள்ளை ஈக்கள் பரப்பும் இலைச்சுருள் நச்சுயிரி தாக்கிய செடியை எந்த மருந்தாலும் குணப்படுத்த முடியாது என்பதால், வெப்பப் பகுதிகளில் வசிப்போர் அதற்கு எதிர்ப்புள்ள ரகத்தையே கேட்டு வாங்க வேண்டும். இரவிலும் வெப்பம் தணியாத பருவத்தில் பூக்கள் காய்பிடிக்காமல் உதிரக்கூடும். அப்போது வெப்பம் தாங்கும் ரகமே கைகொடுக்கும்.

பழத்திலிருந்து எடுத்த விதை முளைக்கும், காய்க்கவும் செய்யும். ஆனால், இரு வேறு பெற்றோர் வரிசைகளைக் கலந்து பெற்ற எஃப்1 (முதல் தலைமுறை ஒட்டு) பண்புகள் அடுத்த தலைமுறையில் பிரிந்துவிடுவதால், செடிக்குச் செடி உயரமும் சுவையும் எதிர்ப்புத் திறனும் மாறுபடும். ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் புதிய விதையே வாங்குங்கள்.