மார்கழி சீசன்ல ஒரு வாரம் சென்னை வர்றவங்களுக்கு: கேட்டீங்க, சொல்றேன்

டிசம்பர் நெருங்கினாலே "எந்த சபா, எந்த கச்சேரி, டிக்கெட் எங்க"ன்னு ஆளாளுக்கு கேட்பீங்க, அதனால கேள்வி எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்து இங்கேயே பதில் சொல்லிடறேன். எனக்கு தெரிஞ்சது கர்நாடக சங்கீதம், அது நடக்கிற சபாக்கள், அங்க உட்கார்ந்து கேட்கிறது, அவ்ளோதான். டான்ஸ் பத்தி வேற யாராவது நல்லா சொல்லுவாங்க.

கே: அக்கா, கிறிஸ்துமஸ் லீவுல 7 நாள் சென்னையில இருப்போம். ஒரு நாளைக்கு எத்தனை கச்சேரி கேட்கலாம்? லிஸ்ட் பார்த்தா தலை சுத்துது.

ப: தலை சுத்தத்தான் செய்யும்மா, அந்த வாரத்துல ஒரே நேரத்துல பத்து இடத்துல பாடிட்டு இருப்பாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு, அதுக்கு மேல வேணாம். மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நாலு கேட்டா நாலாவதுல என்ன ராகம் பாடினாங்கன்னு ராத்திரி படுக்கும்போது ஞாபகமே இருக்காது. அப்புறம் முக்கியமா, ஒரு கச்சேரியில பாதியில எழுந்து இன்னொண்ணுக்கு ஓடாதீங்க, ஏன்னா கச்சேரிங்கிறது மெல்ல மெல்ல ஏறுற விஷயம், முதல்ல வர்ணம்ங்கிற ஆரம்பப் பாட்டு, அப்புறம் ரெண்டு மூணு சின்ன உருப்படி (பாட்டு), அதுக்கப்புறம்தான் மெயின் வரும், அதுல ஆலாபனை (வார்த்தை இல்லாம ராகத்தை விரிக்கிறது), கிருதி (அந்தப் பாட்டு), நிரவல் (ஒரு வரியை மாத்தி மாத்தி பாடுறது), ஸ்வரம் (சரிகமவை வச்சு பாடுறது), தனி (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிறது) எல்லாம் வந்து, கடைசியில துக்கடா (சின்னச் சின்ன பாட்டு), மங்களம் (முடிவுப் பாட்டு). இந்த அமைப்பை இன்னிக்கு நாம கேட்கிற வடிவத்துக்கு கொண்டு வந்ததுல பழைய தலைமுறை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்கு பெரிய பங்கு. பாதியில போறவங்களுக்கு கிடைக்கிறது வர்ணமும் ரெண்டு பாட்டும்தான், அதுக்கா இவ்ளோ தூரம் வரணும்?

இன்னொண்ணு, ஏரியாவை பிரிச்சுக்கோங்க. ஒரு நாள் முழுக்க மயிலாப்பூர், ஒரு நாள் தி.நகர் (வாணி மஹால், கிருஷ்ண கான சபா ரெண்டும் அங்கதான்), ஒரு நாள் டிடிகே ரோடு. மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் அதே டிடிகே ரோட்டுலதான் இருக்கு. சாயங்காலம் 5 மணிக்கு தி.நகர்ல இருந்து மயிலாப்பூர் போலாம்னு கிளம்பினா வர்ணம் போச்சு, முதல் கிருதியும் போச்சுன்னு வச்சுக்கோங்க.

கே: டிக்கெட் எல்லாம் வித்துடுமா? பெரிய பேரு கச்சேரிக்கு இடமே கிடைக்காதுன்னு சொல்றாங்க.

ப: பெரிய பேருக்கு கஷ்டம்தான், ஆன்லைன்ல திறந்த உடனே போயிடும், சில சபாவுல அன்னன்னிக்கு கவுன்ட்டர்ல கொஞ்சம் டிக்கெட் தருவாங்க, காலையிலேயே போய் வரிசையில நிக்கணும். ஆனா நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணுதான், மத்தியான கச்சேரிக்கு போங்க! பெரும்பாலான சபாவுல மத்தியானம் டிக்கெட்டே கிடையாது, நேரா போய் உட்கார்ந்துக்கலாம். அங்க பாடுறவங்க இருபது முப்பது வயசு பசங்க, அந்த ஒரு ஸ்லாட்டுக்காக மாசக்கணக்கா சாதகம் பண்ணிட்டு வந்திருப்பாங்க, சீக்கிரம் முடிக்கணும்ங்கிறதால தேவையில்லாத இழுவை இருக்காது, பாட்டு செலக்‌ஷனும் புதுசா இருக்கும். ஆனா ஹால்ல பாதி காலி. இன்னிக்கு ராத்திரி ஸ்லாட்ல ஹால் நிரப்புறவங்கள்ல நிறைய பேர் ஒரு காலத்துல அந்த மத்தியான ஸ்லாட்ல காலி நாற்காலி முன்னாடி பாடினவங்கதான். நீங்க போய் மூணாவது வரிசையில உட்கார்ந்து தாளம் போட்டா மேடையில இருக்கிற பொண்ணு முகத்துல அது தெரியும், நிஜமா தெரியும், அதுக்கப்புறம் அவ பாடுறதே வேற மாதிரி இருக்கும்.

கே: எனக்கு சங்கீதம் சுத்தமா தெரியாது. சரிகம கூட தெரியாது. வந்தா போர் அடிக்குமா?

ப: தெரிஞ்சவங்களுக்கு மட்டும்னு யாரும் வாசல்ல எழுதி வைக்கல, தைரியமா வாங்க. முதல் கால் மணி நேரம் தம்புராவை மட்டும் கவனிங்க, எலக்ட்ரானிக் தம்புராவா இருந்தாலும் சரி. அந்த ஸ்ருதி காதுல நின்னுட்டா மத்தது எல்லாம் அதுமேலதான் நிக்குதுன்னு தானா புரியும். அப்புறம் தாளம். முன்வரிசையில யாராவது தொடையில தட்டிட்டு இருப்பாங்க, அவங்களை பார்த்து நீங்களும் போடுங்க. ஆதி தாளம் ரொம்ப ஈஸி, ஒரு தட்டு, அப்புறம் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், திரும்ப ஒரு தட்டு ஒரு வீச்சு, இன்னொரு தட்டு ஒரு வீச்சு, மொத்தம் 8. இதை விடாம போட்டீங்கன்னா பாடுறவங்க எங்க எடுக்கிறாங்க, ஸ்வரம் பாடி எங்க வந்து விழறாங்கன்னு பிடிபடும், பிடிபட்ட அந்த நிமிஷம் உங்களை அறியாம "ஆஹா"ன்னு வாயில வந்துடும், ஹால்ல மத்தவங்க ஏன் தலையாட்டுறாங்கன்னும் அப்பதான் தெரியும்.

ராகம் பேரு தெரியலன்னா கவலையே படாதீங்க. மோகனம், கல்யாணி, சிந்துபைரவி எல்லாம் சினிமாவுல ஏற்கனவே நிறைய கேட்டிருப்பீங்க, பேரு மட்டும்தான் தெரியாம இருக்கும். பக்கத்துல இருக்கிறவங்கள மெதுவா கேளுங்க, சொல்லுவாங்க, பாட்டு முடிஞ்சதும் கேளுங்க ஆலாபனை நடுவுல வேணாம்.

கே: தனி ஆவர்த்தனம் ஆரம்பிச்சதும் பாதி பேர் எழுந்து போறாங்களே, அது இடைவேளையா?

ப: இடைவேளை இல்லைங்க!! இதை கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், ஏன்னா எனக்கு வருஷா வருஷம் மனசு வலிக்கிற விஷயம் இது. அது வரைக்கும் பாட்டுக்கு மிருதங்கம் மாதிரி தாள வாத்தியம் வாசிச்சவங்க தனக்குன்னு வாசிக்கிற ஒரே நேரம் அது, அப்பதான் ஜனங்க காபிக்கு போறாங்க.

ஒரு தடவை உட்கார்ந்து பாருங்க. முதல்ல மிருதங்கம் தனியா வாசிக்கும், அப்புறம் கடமோ (பானை), கஞ்சிராவோ (கையில பிடிக்கிற சின்ன தோல் வாத்தியம்), மோர்சிங்கோ (வாயில வச்சு வாசிக்கிறது) வாங்கிக்கும், அப்புறம் மாத்தி மாத்தி, அந்த அளவு சுருங்கிகிட்டே வரும், எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணுன்னு, இதுக்கு குறைப்புன்னு பேரு. சுருங்க சுருங்க ரெண்டு பேரும் ஒருத்தர் வாயில இருந்து இன்னொருத்தர் வார்த்தையை பிடுங்குற மாதிரி இருக்கும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து மோரா, கோர்வைன்னு முடிப்புக் கட்டுகள், மூணு தடவை, அது முடியுற இடத்துல பாடுறவர் கரெக்டா பாட்டை எடுப்பார். அந்த இடத்துல தாளம் போட்டுட்டே இருந்தவங்களுக்கு புல்லரிக்கும்.

கச்சேரி ஆரம்பிக்கிறதுக்கு கொஞ்சம் முன்னாடியே போனீங்கன்னா இன்னொண்ணும் பார்க்கலாம். மிருதங்கத்தோட இடது பக்கம், தொப்பின்னு சொல்லுவாங்க, அதுல ரவையை தண்ணி விட்டு பிசைஞ்சு உருண்டையா ஒட்டி விரலால பரப்புவாங்க, அப்பதான் அந்த கும்முனு வர்ற நாதம். வலது பக்கத்தை, அதாவது வலந்தலையை, ஒரு கல்லும் குச்சியும் வச்சு ஓரத்துல தட்டி தட்டி ஸ்ருதிக்கு கொண்டு வருவாங்க. கஞ்சிராக்காரர் தோல்ல விரலால கொஞ்சம் தண்ணி தொட்டு தடவுவார், தோல் நனைஞ்சா ஸ்ருதி இறங்கும், ஏசி ஹால்ல அது காய்ஞ்சுகிட்டே இருக்கும், அதனால கச்சேரி நடுவுலயும் அடிக்கடி தடவிட்டே இருப்பார். இதெல்லாம் முன் வரிசையில இருந்தா தெளிவா தெரியும்.

கே: அப்ப முன் வரிசையிலதான் உட்காரணுமா?

ப: பார்க்கிறதுக்கு முன்னாடி, கேட்கிறதுக்கு நடுவுல. சில ஹால்ல மைக் சத்தம் அளவுக்கு மீறி வச்சிருப்பாங்க, ஸ்பீக்கருக்கு நேரா உட்கார்ந்தா வயலின் காதை கிழிச்சிடும். ஹாலோட பாதி ஆழத்துல, நடு வரிசையில இடம் கிடைச்சா அதுதான் பெஸ்ட். ஏசி நல்லா குளிரும், ஒரு சால்வை வச்சுக்கோங்க. போனை சைலன்ட்ல போடுங்க, ரெக்கார்ட் பண்ணாதீங்க, சபாவுல அனுமதியும் கிடையாது.

கே: சார்/மேடம், எனக்கு தெலுங்கு சமஸ்கிருதம் புரியாது. தமிழ் பாட்டு மட்டும் கேட்க எங்க போகணும்?

ப: ராஜா அண்ணாமலை மன்றம். பாரிமுனை பக்கம், ஹைகோர்ட் மெட்ரோ ஸ்டேஷன்ல இறங்கினா பக்கம்தான். அங்க விழா நடத்துற தமிழ் இசைச் சங்கம் 1943ல ஆரம்பிச்சது, அந்த காலத்து மேடைகள்ல தமிழ்ப் பாட்டுக்கு கடைசியில ஒரு ஓரம்தான் கிடைச்சது, அதை மாத்தணும்னு வந்த இயக்கம் அது. அவங்க விழாவும் இதே சமயத்துலதான். தேவாரப் பண் (பழைய தமிழ் ராகம்), அப்புறம் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி மாதிரி தமிழ்ல பாட்டு எழுதினவங்களோட பாட்டுன்னு வேற சபாவுல அபூர்வமா கேட்கிறதை அங்க நிறைய கேட்கலாம். பண் ஆராய்ச்சின்னு ஓதுவார்களும் அறிஞர்களும் உட்கார்ந்து பேசுற அமர்வும் உண்டு, ஆர்வம் இருந்தா விடாதீங்க. மயிலாப்பூர்க்காரங்க நிறைய பேர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கிறதில்ல, எனக்கு அது வருத்தம்தான்.

கே: சபாவுக்கு வெளிய ஏதாவது உண்டா? உள்ள உட்கார்ந்தே இருந்தா பசங்க படுத்துவாங்க.

ப: உண்டு உண்டு. விடிகாலை மயிலாப்பூர் மாட வீதி போங்க, கபாலி கோயிலை சுத்தி பஜனை பாடிட்டு வருவாங்க, அந்த மார்கழி பஜனையை அங்க பல வருஷம் நடத்தினவர் நிறைய தமிழ்ப் பாட்டு எழுதின பாபநாசம் சிவன். பனியில, கோலத்துக்கு நடுவுல, கூடவே நடந்து பாடலாம், பசங்களும் ஓடி ஆடலாம், யாரும் முறைக்க மாட்டாங்க. பறக்கும் ரயில்ல வந்தா திருமயிலை ஸ்டேஷன்ல இறங்கணும்.

அப்புறம் 2020ல இருந்து நீலம் பண்பாட்டு மையம் நடத்துற மார்கழியில் மக்களிசை இருக்கு, பறை, கானா, ஒப்பாரி, ஹிப் ஹாப் எல்லாம். அந்த ஒரு வாரத்துல ஒரு சாயங்காலத்தை அதுக்கு ஒதுக்குங்க, தேதி இடம் அந்தந்த வருஷம் அறிவிப்பாங்க. மார்கழி இசைன்னா ஒரே மாதிரி இசைதான்னு நினைச்சுட்டு ஊருக்கு போயிடாதீங்க.

கே: கேன்டீன் பத்தி ஒரு வார்த்தை!!

ப: கச்சேரிக்கு முன்னாடி சாப்பிட்டுடுங்க. மத்தியான இலை சாப்பாட்டுக்கு 12 மணிக்கே போனா கூட்டம் கம்மி, கச்சேரி கேட்காதவங்களும் சாப்பிட வரலாம். தனி நடக்கும்போது மட்டும் போகாதீங்க, புரிஞ்சுதா?

கே: நான் காலேஜ் ஸ்டூடன்ட், வீணை கத்துக்கிறேன். எனக்கு எது ரொம்ப யூஸ்ஃபுல்?

ப: மியூசிக் அகாடமி காலை அமர்வு. 1927ல சென்னையில காங்கிரஸ் மாநாட்டோட சேர்ந்து ஒரு சங்கீத மாநாடு நடந்துச்சு, அதுல இருந்து பிறந்ததுதான் 1928ல அகாடமி, அதனால அவங்களுக்கு கச்சேரி எவ்ளோ முக்கியமோ அந்த காலை விவாதமும் அவ்ளோ முக்கியம். ஒரு ராகத்தோட பழைய பிடிகள், ஒரே பாட்டை வேற வேற விதமா பாடுற பாடாந்தரம்னு வித்வான்கள் பாடிக் காட்டி பேசுவாங்க, முடிஞ்சதும் பெரியவங்க எழுந்து கேள்வி கேட்பாங்க, சமயத்துல சூடாவும் இருக்கும். காலையில சீக்கிரம் போயிடுப்பா, நோட்டும் பேனாவும் எடுத்துட்டு போ. வாத்தியக் கச்சேரிக்கு ஸ்லாட் எப்பவும் கம்மி, வீணைக்கு இன்னும் கம்மி, அதனால எந்த சபாவுல வீணை போட்டிருக்காங்கன்னு லிஸ்ட் வந்ததும் முதல்ல அதை குறிச்சுக்கோ, மத்ததை அதை சுத்தி பிளான் பண்ணு.

கே: லீவு கிடைக்கல, வர முடியாது. வீட்ல இருந்தே கேட்க வழி இருக்கா?

ப: இருக்குங்க. 2020ல கொரோனாவால சீசனே ஆன்லைனுக்கு போச்சு, அதுக்கப்புறம் சில சபாக்கள் நேரலையை விடாம வச்சிருக்காங்க, கட்டணம் கட்டினா பார்க்கலாம், சிலது இலவசமாவும் வருது. கேட்கும்போது நல்ல ஹெட்போன் போட்டுக்கோங்க, போன் ஸ்பீக்கர்ல தம்புராவும் கேட்காது, மிருதங்கத்தோட இடது பக்கமும் கேட்காது. ஓட்டி ஓட்டி பார்க்காம ஒரு ரெண்டு மணி நேரம் கதவை சாத்திட்டு உட்காருங்க. பிடிச்சிருந்தா பாடினவங்களுக்கு கீழே ரெண்டு வரி எழுதுங்க, எந்த ராகம் பிடிச்சுதுன்னு சொல்லி எழுதுங்க, மத்தியான ஸ்லாட் பசங்களுக்கு கண்டிப்பா எழுதுங்க.