"220 மணி நேரம் பறந்திருக்கிறேன். விமான நிறுவன நேர்முகத்தில் எதைத்தான் சோதிப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்களும் என்னைப் போல தென்னாப்பிரிக்காவின் டர்பனில், வர்ஜீனியா விமான நிலையத்தின் கடற்காற்றில் சிறிய செஸ்னா விமானத்தை இறக்கிப் பழகியவர் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன்.

கணினித் தேர்வுகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கை–கண் ஒருங்கிணைப்பு, நினைவாற்றல், மனக்கணக்கு ஆகியவை பயிற்சியால் கைவரும். 36,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு எவ்வளவு தொலைவில் இறங்கத் தொடங்குவீர்கள் என்று கேட்டால், ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற கணக்கில் 99 என்று தயங்காமல் வர வேண்டும். தொழில்நுட்பக் கேள்விகளும் அப்படித்தான். ஜோகன்னஸ்பர்க் ஓ. ஆர். டாம்போ நிலையம் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருப்பதால், கோடைப் பிற்பகலில் காற்றின் அடர்த்தி குறைந்து ஓடுபாதை ஏன் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதைக் கடலோரத்தில் பயின்ற நம்மிடம் கட்டாயம் கேட்பார்கள்.

நான் தோற்றது இவற்றில் அல்ல, விமானி அறையைப் போலவே அமைந்த பயிற்சிக் கருவியான சிமுலேட்டரில். விண்ணப்பதாரர்களை இருவர் இருவராக அமர்த்தினார்கள். நான் ஓட்ட, பக்கத்து இருக்கையிலிருந்தவர் கருவிகளைக் கவனித்து, வானொலியில் பேச வேண்டும். தரையிறங்காமல் மீண்டும் மேலேறி 8,000 அடியில் நிலைகொள்ளச் சொன்னபோது, அவர் அலைவரிசையைத் தவறாக மாற்றிவிட, நான் அந்தப் பக்கம் திரும்பிய நொடியில் 250 அடி தாண்டிவிட்டேன். சத்தமில்லாமல் திரும்ப இறக்கினேன். முடிந்ததும் தேர்வாளர், "என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். வானொலியால் என் கவனம் சிதறியது என்றேன். அதே கேள்விக்கு மற்றவர், "ஆயிரம் அடி பாக்கி என்று நான் குரல் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை" என்றார். என்னைவிடக் கரடுமுரடாக ஓட்டிய அவருக்கு வேலை கிடைத்தது.

பல மாதங்கள் அதை அநியாயம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த விபத்தின் அறிக்கையை முன்பே தேர்வுக்காகப் படித்திருந்தும், முன்னால் இன்னொரு விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று பறப்புப் பொறியாளர் எழுப்பிய ஐயத்தைத் தலைமை விமானி பொருட்படுத்தாமல் போனதற்கும் என் பதிலுக்கும் உள்ள உறவு அப்போது எனக்கு உறைக்கவில்லை: இரண்டிலும் பக்கத்திலிருப்பவரோடு ஒரே குழுவாக இயங்கவில்லை.

ஒரே ஒரு தோல்வியை வைத்துப் பொதுமைப்படுத்துகிறேன் என்று இங்குள்ள மூத்த விமானிகள் சொல்லக்கூடும். நிறுவனத்துக்கு நிறுவனம் முறை மாறும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், இரண்டு ஆண்டுகள் கழித்து வேறொரு நிறுவனத்தில், "நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்" என்றபோது அந்த 250 அடியைத்தான், வானொலியைக் குறை சொல்லாமல், சொன்னேன். இன்று அங்கேயே துணை விமானியாக இருக்கிறேன்.

முதல் நிறுவனம் அந்தச் சிமுலேட்டர் சோதனைக்கான கட்டணத்தை எங்களிடமே வாங்கியது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைப் பறக்க அனுப்பிய பெற்றோரிடம் அதையும் கேட்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை.

போவதற்கு முன் உங்கள் பறப்புப் பதிவேட்டின் கூட்டுத்தொகைகளை ஒவ்வொரு பக்கமாகச் சரிபாருங்கள். மேசையில் அவர்கள் முதலில் புரட்டுவது அதைத்தான்.