மிச்சிகனில் தொகுதி எல்லைகளை வரைவது யார்? ஒரு வாக்காளரின் கேள்விக்கு விளக்கம்

கேள்வி: டெட்ராய்ட்டின் புறநகரான நோவையில் குடும்பத்துடன் வசிக்கிறேன், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டேன். 2022 தேர்தலில் மிச்சிகன் சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியிடம் போயின. 2024-இல் கீழவை மீண்டும் குடியரசுக் கட்சிக்கு வந்தது. தொகுதி எல்லைகளைக் குடிமக்கள் ஆணையம்தான் வரைகிறது என்றால், எந்தக் கட்சி சட்டமன்றத்தைப் பிடிக்கிறது என்பதால் அந்த எல்லைகளில் மாற்றம் வருமா? சட்டமன்றம் நினைத்தால் ஆணையத்தையே கலைத்துவிட முடியுமா? அடுத்த ஆணையத்துக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். என் மனைவி ஒரு மாநிலச் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் சம்பளத்துக்குப் பணிபுரிகிறார், அது தடையாகுமா? தடையானால், எங்கள் பகுதிக்காக நான் வேறு என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் சொந்த விண்ணப்பம் பற்றிய கேள்விக்குத் திட்டவட்டமான விடை இருப்பதால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆணையம் 2030-இல் தேர்ந்தெடுக்கப்படும். அதில் நீங்கள் இடம்பெற முடியாது. கடந்த 6 ஆண்டுகளுக்குள் கட்சி சார்ந்த தேர்தலில் வேட்பாளராக நின்றவர்கள், அத்தகைய பதவி வகித்தவர்கள், கட்சி நிர்வாகிகள், சட்டமன்றத்தின் ஊழியர்கள், மக்கள் பிரதிநிதியிடமோ வேட்பாளரிடமோ சம்பளம் பெற்றவர்கள், பதிவு பெற்ற லாபியிஸ்டுகள் (பிறர் சார்பில் அரசியல்வாதிகளிடம் ஆதரவு திரட்டுவோர்) ஆகியோரை மிச்சிகன் அரசமைப்புச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவு விலக்கி வைக்கிறது. அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவிக்கும் அதே தடை பொருந்தும். உங்கள் மனைவி இன்றே வேலையை விட்டாலும் 2030-இலிருந்து பின்னோக்கி எண்ணும் 6 ஆண்டுகளுக்குள் அவருடைய பணிக்காலம் வந்துவிடும். குடும்ப உறவுக்காக ஒருவரைத் தடுப்பது பேச்சுரிமைக்கும் சங்கம் சேரும் உரிமைக்கும் எதிரானது என்று குடியரசுக் கட்சியினர் தொடுத்த வழக்குகளில், தடையை நிறுத்திவைக்க 2020-இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் மறுத்துவிட்டது. உங்களைப் போன்ற ஆர்வமுள்ளவர்களும் இதனால் வெளியே நிற்க நேர்கிறது என்பது வருத்தத்துக்குரியதே. ஆனாலும் இந்தத் தடை அவசியமானது என்பதே என் கருத்து. அதன் காரணம் 2011-இல் நடந்தவற்றில் இருக்கிறது.

2010 தேர்தலில் குடியரசுக் கட்சி மிச்சிகனில் ஆளுநர் பதவியையும் இரு அவைகளையும் ஒருசேர வென்றது. அன்றைய விதிப்படி, 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரையப்படும் தொகுதி வரைபடம் மற்ற சட்டங்களைப் போலவே அவைகளில் நிறைவேறி ஆளுநரின் கையொப்பத்தைப் பெற்றால் போதும். ஆகவே அந்த ஒரு தேர்தல் அடுத்த 10 ஆண்டுகளின் தேர்தல்கள் எல்லாவற்றுக்கும் களத்தை அமைத்துக் கொடுத்தது. கட்சி ஆலோசகர்களும் சட்டமன்றப் பணியாளர்களும் 2011-இல் மூடிய அறைகளில் வரைந்த எல்லைகளின் பின்னணி, பெண் வாக்காளர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2018-இல்தான் மின்னஞ்சல்களாக வெளியே வந்தது. டெட்ராய்ட்டைச் சூழ்ந்த நான்கு மாவட்டங்களிலுள்ள ஜனநாயகக் கட்சிக் 'குப்பை' முழுவதையும் நான்கே காங்கிரஸ் (மத்திய நாடாளுமன்ற) தொகுதிகளுக்குள் திணித்துவிடுவது பற்றி அவற்றில் ஒன்று பேசியது. உங்கள் ஓக்லந்து மாவட்டமும் அந்த நான்கில் அடங்கும். எதிர்க்கட்சியின் வாக்குகளைச் சில தொகுதிகளில் அளவுக்கு மீறிக் குவித்துவிட்டு, மீதமுள்ளவற்றைப் பல தொகுதிகளில் சிறுபான்மையாகச் சிதறடிப்பதுதான் இக்கலையின் முழுச் சூத்திரமும். அதன் பலன் 2018-இல் வெளிப்படையாகத் தெரிந்தது. சட்டமன்றத்தின் இரு அவைகளுக்குமான வாக்குகளை மாநில அளவில் கூட்டிப் பார்த்தால் ஜனநாயகக் கட்சியே முன்னிலையில் இருந்தது. ஆனால் கீழவையில் 58-க்கு 52, மேலவையில் 22-க்கு 16 என்று குடியரசுக் கட்சி இரண்டையும் தக்கவைத்துக்கொண்டது.

நீதிமன்றம் இதைச் சரிசெய்யும் என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். மூன்று நீதிபதிகள் கொண்ட மத்திய நீதிமன்ற அமர்வு 2019 ஏப்ரலில் 34 தொகுதிகளை அரசமைப்புக்கு முரணானவை என்று அறிவித்தது. இரண்டே மாதங்களில், கட்சி ஆதாயத்துக்காக எல்லை வரைவது குறித்த புகாரை மத்திய நீதிமன்றங்கள் விசாரிக்கவே முடியாது என்று வட கரோலினா, மேரிலாந்து வழக்குகளில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அந்த வெற்றி செல்லாமல் போயிற்று. நல்வாய்ப்பாக, மிச்சிகன் மக்கள் அதற்கு முன்பே வேறு வழியில் புறப்பட்டிருந்தார்கள். 2016 நவம்பரில் கேட்டி ஃபாஹே என்ற இளம்பெண் ஃபேஸ்புக்கில் விடுத்த அழைப்பிலிருந்து வளர்ந்த தன்னார்வலர் இயக்கம், எல்லை வரையும் அதிகாரத்தைக் குடிமக்கள் ஆணையத்திடம் ஒப்படைக்கும் அரசமைப்புத் திருத்தத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட 3,15,654 கையொப்பங்களைக் கடந்து 4.25 லட்சத்துக்கும் மேல் திரட்டியது. இந்தத் திருத்தத்தை வாக்குச்சீட்டில் சேர்க்கவே கூடாது என்று தொடுக்கப்பட்ட வழக்கை மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில் தள்ளியது. 2018 நவம்பரில் சுமார் 61 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தனர்.

எந்த மாநிலத்தின் சீர்திருத்தத்தையும் மதிப்பிடும்போது அதன் முகவுரையில் நியாயம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை நான் பார்ப்பதில்லை. எல்லை வரையும் பேனா யார் கையில் இருக்கிறது, உறுப்பினர்கள் உடன்படாவிட்டால் முடிவு யாரிடம் போகிறது, கொடுத்த அதிகாரத்தை யார் திரும்பப் பறிக்க முடியும் என்பவற்றையே பார்க்கிறேன். ஒஹையோ இதற்குப் பாடம். அங்கும் ஓர் ஆணையம் இருக்கிறது. ஆனால் அதன் ஏழு உறுப்பினர்களும் ஆளுநர், மாநிலச் செயலர், தணிக்கையாளர், சட்டமன்றத் தலைவர்கள் நியமித்த நால்வர் என்று அரசியல் வட்டத்திலிருந்தே வருகிறார்கள். மாநில உச்ச நீதிமன்றம் சட்டமன்ற வரைபடங்களை ஐந்து முறை நிராகரித்தும், புதிய வரைபடத்தைத் தானே கொண்டுவரும் அதிகாரம் அதற்கு இல்லாததால், நிராகரிக்கப்பட்ட வரைபடம் ஒன்றைக் கொண்டே 2022 தேர்தல் நடந்தது.

மிச்சிகனில் 13 பேர் வரைகிறார்கள்: இரு பெருங்கட்சிகளையும் சார்ந்தவர்களாகத் தம்மை அறிவித்துக்கொண்டவர்கள் நான்கு நான்கு பேர், எக்கட்சியையும் சாராதவர்கள் ஐவர். 2020-இல் விண்ணப்பித்தவர்கள் 9,000-க்கும் மேல். விண்ணப்பதாரர்களிலிருந்து மாநிலச் செயலர் குலுக்கல் முறையில் 200 பேரைத் தேர்ந்தெடுக்க, இரு அவைகளின் பெரும்பான்மை, சிறுபான்மைத் தலைவர்கள் நால்வரும் ஆளுக்கு ஐந்து பெயர்களை நீக்கலாம்; பிறகு மறுபடியும் குலுக்கல். ஒரு வரைபடம் நிறைவேற மூன்று தரப்பிலிருந்தும் குறைந்தது இருவர் ஆதரிக்க வேண்டும். உடன்பாடு ஏற்படாவிட்டால் உறுப்பினர்களின் வரைபடங்களைத் தரவரிசைப்படுத்தி, அதுவும் பயனற்றுப்போனால் குலுக்கலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே தவிர, விஷயம் சட்டமன்றத்துக்குத் திரும்பாது. உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பெயர் நீக்கும் உரிமை பெரும்பான்மைக்கும் சிறுபான்மைக்கும் ஒரே அளவில் இருப்பதால், எந்தக் கட்சி அவையைப் பிடித்தாலும் எல்லை வரைவதில் அதற்குத் தனி ஆதாயம் கிடையாது. 2022-இல் 56-க்கு 54 என்று ஜனநாயகக் கட்சியிடம் இருந்த கீழவை 2024-இல் 58-க்கு 52 என்று கைமாறியதையும் இந்தக் கண்ணோட்டத்தில் பாருங்கள்: மக்களின் மனம் சற்றே சாய்ந்தாலும் அவையும் சாய்கிறது. முந்தைய வரைபடத்தில் அந்த அசைவு இல்லை.

இதைச் சட்டமன்றம் ரத்து செய்ய முடியுமா? சாதாரணச் சட்டத்தால் முடியாது. ஆணையத்தைத் தவிர வேறெந்த அமைப்பும் தொகுதி வரைபடத்தை இயற்றக் கூடாது என்றே விதி சொல்கிறது. அரசமைப்புத் திருத்தமாகக் கொண்டுவர இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு, அதாவது கீழவையின் 110 பேரில் 74 பேரும் மேலவையின் 38 பேரில் 26 பேரும் ஆதரித்து, பிறகு மக்களும் வாக்கெடுப்பில் ஏற்க வேண்டும். மிசௌரியில் இந்தத் தடை இல்லை. அங்கே 2018-இல் சுமார் 62 விழுக்காட்டினர் ஆதரித்த சீர்திருத்தத்தைச் சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மறு வாக்கெடுப்புக்கு அனுப்பி, 2020-இல் சுமார் 51 விழுக்காட்டு ஆதரவுடன், அது ஒருமுறைகூடப் பயன்படும் முன்பே மாற்றியமைத்துவிட்டது. கலிஃபோர்னியாவில் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வைத்திருந்த ஜனநாயகக் கட்சி, 2025-இல் டெக்சஸ் தன் காங்கிரஸ் தொகுதிகளை இடைக்காலத்தில் மாற்றி வரைந்ததற்குப் பதிலடியாக, சுயேச்சை ஆணையத்தின் காங்கிரஸ் வரைபடத்தை மக்களின் ஒப்புதலோடு ஒதுக்கிவைத்தது. எனவே மிச்சிகனில் நீங்கள் கவனிக்க வேண்டியது எக்கட்சி பெரும்பான்மைக்கான 56 இடங்களை எட்டுகிறது என்பதை அல்ல, யாராவது 74-ஐ நெருங்குகிறார்களா என்பதைத்தான். இப்போது எவரும் நெருங்கவில்லை.

அதைவிட அருகிலுள்ள வாசல் ஒன்று பலர் கண்ணில் படாமல் இருக்கிறது. மிச்சிகன் அரசமைப்பு, 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை, முழு அரசமைப்பையும் திருத்தி எழுத மாநாடு கூட்டலாமா என்ற கேள்வியை மக்கள் முன் வைக்கச் சொல்கிறது. 1978, 1994, 2010 ஆகிய ஆண்டுகளில் மக்கள் மறுத்தார்கள்; அடுத்த முறை 2026 நவம்பர். ஒப்புதல் கிடைத்தால் ஒவ்வொரு கீழவைத் தொகுதிக்கும் மேலவைத் தொகுதிக்கும் ஒருவர் வீதம் 148 பிரதிநிதிகள், கட்சி அடிப்படையிலான தேர்தலில் தேர்வாவார்கள். அவர்கள் எழுதும் வரைவில் ஆணையம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இறுதி முடிவு மக்களுடையதே. மாநாட்டை ஆதரிக்கவும் எதிர்க்கவும் வேறு பல காரணங்கள் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு விடையளிக்கும்போது ஆணையமும் மேசைக்கு வருகிறது என்பதை அறிந்தே வாக்களியுங்கள்.

ஆணையம் இருப்பதாலேயே எல்லாம் நேர்மையாக நடந்துவிடும் என்று சொன்னால் நான் உண்மையை மறைத்தவனாவேன். 2021 டிசம்பர் 28 அன்று ஏற்கப்பட்ட வரைபடங்களில், டெட்ராய்ட்டின் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகள் நீண்ட கீற்றுகளாக வெட்டப்பட்டு வடக்கேயுள்ள புறநகர்களோடு இணைக்கப்பட்டிருந்தன. அவர்களுடைய பங்கு சுமார் 35 முதல் 45 விழுக்காடு இருந்தாலே தாம் விரும்பும் வேட்பாளரை வெல்ல வைக்கலாம் என்று நிபுணர்கள் ஆலோசனை கூறியிருந்தார்கள். ஆனால் ஜனநாயகக் கட்சியின் கோட்டையான அத்தொகுதிகளில் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஆகஸ்ட் மாத முதல்நிலைத் தேர்தலே உண்மையான தேர்தல் என்பதையும், அதில் புறநகர் வெள்ளையர்களின் வாக்கு முடிவைத் தீர்மானிக்கக்கூடும் என்பதையும் அந்தக் கணக்கு போதிய அளவு கருதவில்லை. டெட்ராய்ட் விசாரணைக் கூட்டத்தில் திரண்டு வந்து மக்கள் எதிர்த்தும் ஆணையம் கேட்கவில்லை. 2021 அக்டோபரில் இது பற்றி மூடிய அறையில் நடந்த கூட்டம் சட்டவிரோதம் என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. 2023 டிசம்பரில் மத்திய நீதிமன்றம் 13 தொகுதிகளை இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று ரத்து செய்து, திருத்தி வரைய உத்தரவிட்டது. மற்றபடி ஆணையக் கூட்டங்கள் பொதுமக்கள் முன்னிலையில் நடந்து சொல்லுக்குச் சொல் பதிவாகியிருந்ததால் அப்பதிவுகளே அந்த வழக்கில் வலுவான சான்றாயின. 2011-இன் சான்றுகள் வெளிவர ஏழு ஆண்டுகள் ஆயின என்பதை இதோடு ஒப்பிட்டால், ஆணையத்தின் பிழைகளோடும் அதை நான் ஏன் ஆதரிக்கிறேன் என்பது விளங்கும்.

கேட்கப்படாத சாட்சியமும் பதிவாகிப் பயன்பட்டது என்பதால்தான், உறுப்பினராக முடியாத உங்களுக்கு விசாரணைக் கூட்டங்களைப் பரிந்துரைக்கிறேன். வரைவுக்கு முன் குறைந்தது 10, வரைவுக்குப் பின் குறைந்தது 5 கூட்டங்களை ஆணையம் நடத்தியாக வேண்டும். எழுத்திலும் கருத்து அனுப்பலாம். மக்கள்தொகைச் சமநிலை, வாக்களிப்பில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் மத்திய வாக்குரிமைச் சட்டம், நிலத்தொடர்ச்சி ஆகியவற்றை அடுத்து, பொதுவான பண்பாடோ வரலாறோ பொருளாதார நலனோ கொண்ட சமூகங்களைப் பிரிக்காமல் வைப்பதை ஆணையம் கருத வேண்டும். கட்சிகள் ஒன்றின்மேல் ஒன்று மிகையான ஆதாயம் பெறாதிருப்பதுகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. 2021-இல் டியர்பார்னின் அரபு அமெரிக்கர்களும் ஹாம்ட்ராமக்கின் வங்கதேசத்தவர்களும் இந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்கள்.

பேசும் முறை முக்கியம். 'எங்கள் சமூகத்தைப் பிரிக்காதீர்கள்' என்ற வேண்டுகோளை மட்டும் கேட்டு எவராலும் கோடு வரைய முடியாது. எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை, எந்தப் பள்ளி மாவட்டம், எந்தக் கோயிலும் கடைகளும் தமிழ் வகுப்பும் உங்களை இணைக்கின்றன என்று இடத்தை வரைந்து காட்டுங்கள். இதற்கு இலவச இணையக் கருவிகள் இருக்கின்றன. சட்டமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டிய எந்தப் பிரச்சினை உங்கள் எல்லாருக்கும் பொதுவானது என்பதையும் சொல்லுங்கள். 2020 கணக்கெடுப்பின்படி ஒரு கீழவைத் தொகுதிக்கு ஏறத்தாழ 91,600 பேர் வேண்டும். நோவையில் சுமார் 66,000 பேரே இருந்தார்கள். ஆகவே உங்கள் நகரம் முழுவதும் ஒரே தொகுதியில் இருந்தாலும் பக்கத்து ஊர் ஒன்றோடு சேர்ந்தே ஆக வேண்டும். ஃபார்மிங்டன் ஹில்ஸா, நார்த்வில்லா, விக்சமா என்பதை நீங்களே காரணத்தோடு சொல்லாவிட்டால் வரைபவர் தம் வசதிப்படி முடிவு செய்துவிடுவார். கட்சியையோ தற்போதைய உறுப்பினரையோ குறிப்பிடவே வேண்டாம். அத்தகைய தொடர்பைச் சமூக நலனாகக் கருதக் கூடாது என்று விதியே சொல்கிறது. உங்கள் மனைவி பேசுவதற்கும் சட்டத்தில் தடை இல்லை, ஆனால் அவருடைய பணியைக் கூட்டத்தில் தெரிவித்துவிட்டுப் பேசுவது நேர்மையாக இருக்கும்.

இதற்கெல்லாம் அடிப்படை 2030 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதில் குடியுரிமை கேட்டுத் தகுதி பார்ப்பதில்லை. பணி விசாவில் வந்து இங்கேயே வாழும் குடும்பங்களும், அவர்கள் வீட்டுக் கைக்குழந்தைகளும் எண்ணிக்கையில் சேர வேண்டியவர்கள். சுற்றுலா விசாவில் சில மாதங்களுக்கு வந்து தங்கும் பெற்றோர் மட்டுமே சேர மாட்டார்கள். விசாவில் இருப்பவர்கள் தயக்கத்தால் படிவத்தை நிரப்பாமல் விட்டால் உங்கள் பகுதி தாளில் சிறுத்துப்போகும், அந்தக் குறைந்த எண்ணை வைத்தே 2031-இல் கோடு விழும். ஆகவே உங்கள் தெருவில் யாரெல்லாம் தயங்குவார்கள் என்பதை இப்போதே கேட்டு அறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.