விளிம்பில் ஓட்டும் கலை

கேள்வி: பதினைந்து ஆண்டுகளாக நெடுஞ்சாலையில் கார் ஓட்டுகிறேன். துணிச்சல் இருந்தால் பந்தயக் காரையும் ஓட்டிவிடலாம் என்றே நினைக்கிறேன். அதில் தேர்ச்சி பெறுவது அவ்வளவு கடினமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நேர்ப்பாதையில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் அழுத்துவதற்குத் துணிச்சல் போதும். ஆனால் டயருக்கும் தார்ப்பரப்புக்கும் இடையிலுள்ள பிடிமானம் எந்தப் புள்ளியில் விடுபடுமோ, அந்த விளிம்பிலேயே ஒவ்வொரு வளைவிலும் காரை வைத்திருப்பது துணிச்சலால் மட்டும் வருவதன்று. சாலையில் நாம் அந்தப் பிடிமானத்தில் சிறு பங்கையே செலவிடுகிறோம். ஆகவே பதினைந்து ஆண்டுகளில் நீங்கள் அந்த விளிம்பை ஒருமுறைகூடத் தொட்டிருக்க மாட்டீர்கள், சாலையில் தொடவும் கூடாது.

டயரின் பிடிமானம் அளவானது. பிரேக்குக்குச் செலவானது போக மீதிதான் திரும்புவதற்குக் கிடைக்கும். எனவே வளைவை நெருங்கும்போது முழு பலத்துடன் மிதித்த பிரேக்கை, ஸ்டீயரிங்கைத் திருப்பத் திருப்பச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சட்டென்று விட்டுவிட்டால் முன்சக்கரங்களை அழுத்திய பாரம் பின்னால் நகர்ந்து, கார் திரும்பாமல் வெளிப்பக்கம் விலகும். கூடுதல் நேரம் பிடித்திருந்தால் பின்பகுதி இலேசாகிக் கார் சுழன்றுவிடும். பிரேக்கை மிதிப்பதைவிட விடுவதுதான் அரிய வித்தை என்பேன். ஃபார்முலா ஒன் காரில் 100 கிலோவுக்கும் மேற்பட்ட விசையுடன் மிதிக்கும் பெடலை, கழுத்தை ஈர்ப்பு விசையைப் போல் ஐந்து மடங்கு விசை இழுக்கும் வேளையில், அத்தனை நுணுக்கமாகத் தளர்த்தியாக வேண்டும். டயர் சூடேறித் தேய்வதாலும் எரிபொருள் குறைந்து கார் இலேசாவதாலும் அந்த விளிம்பும் சுற்றுக்குச் சுற்று இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

1988ஆம் ஆண்டு மொனாக்கோ ஃபார்முலா ஒன் பந்தயத்தில், புறப்படும் வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் பிரேசில் வீரர் அயர்டன் சென்னா, அதே மெக்லாரன் காரை ஓட்டிய தம் அணித் தோழர் அலென் புரோஸ்டைவிட 1.427 விநாடி வேகமாகச் சுற்றி வந்தார். ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் மதிப்புள்ள விளையாட்டில், அதுவும் உலகச் சாம்பியனான புரோஸ்டுக்கு எதிராக, இது வியக்கத்தக்க இடைவெளி. மறுநாள் பந்தயத்தில் பெரும் முன்னிலையோடு ஓட்டிக்கொண்டிருந்த சென்னா, வேகத்தைக் குறைக்கும்படி அணி சொன்ன பிறகு, மொத்தம் 78 சுற்றுகளில் 67ஆவது சுற்றில் போர்ட்டியர் வளைவுத் தடுப்பில் மோதி வெளியேறினார். மெதுவாக ஓட்ட முயன்றபோது அவருடைய கவனமும் லயமும் குலைந்துவிட்டன. அடுத்த ஆண்டு அங்கே திரும்பி வந்து வென்றவர், 1993 வரை தொடர்ந்து ஐந்து முறை அதே வளைவைக் கடந்து வெற்றி பெற்றார்.