வாசகர் கேட்கிறார்: மாடுலர் பள்ளிக் கட்டடமும் மாறாத அணியும்

தொழிற்சாலையில் அறைகளாகவே தயாரித்து, களத்துக்குக் கொண்டுவந்து பொருத்தும் மாடுலர் முறையில் பள்ளிக் கட்டடங்கள் எழுப்புவது பற்றி வந்த கேள்விகளுக்கு, கட்டடப் பொறியாளர் ஒருவர் இந்த இதழில் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மூன்று கட்டங்களாக மாடுலர் வகுப்பறைகள் கட்டத் திட்டமிட்டோம். முதல் கட்டம் நல்லபடியாக முடிந்தது. இரண்டாம் கட்டத்துக்குப் புதிதாக டெண்டர் விட்டால் விலை குறையும் என்று நிர்வாகக் குழுவில் சிலர் சொல்கிறார்கள். அதே வடிவமைப்பாளர், அதே தொழிற்சாலை, அதே களப்பணியாளர்கள் தொடர்வதால் பள்ளிக்கு உண்மையிலேயே லாபம் உண்டா, அல்லது அது அவர்களுக்கு மட்டும்தான் வசதியா?

பதில்: இரண்டும் உண்டு. ஆனால் பள்ளிக்குரிய லாபம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதைக் கேட்டு வாங்க முடியும்.

களத்திலேயே சுவர் எழுப்பிக் கட்டும் கட்டடத்தில் முடிவுகளைத் தள்ளிப்போட இடமுண்டு. மின்சாரப் பலகை எந்தச் சுவரில் வர வேண்டும் என்பதைப் பூச்சு வேலைக்கு முந்தைய நாள்கூடத் தீர்மானிக்கலாம். மாடுலர் முறையில் அந்தச் சலுகை இல்லை. ஜன்னல், குழாய், ஒயர், கரும்பலகையின் பின்னால் வர வேண்டிய தாங்குசட்டம் உட்பட எல்லாவற்றையும் உற்பத்தி தொடங்கும் முன்பே முடிவு செய்து, வரைபடத்தில் கையெழுத்திட்டுவிட வேண்டும். அதன்பின் தொழிற்சாலையில் அறைகள் உருவாகிக்கொண்டிருக்கும்போதே களத்தில் அஸ்திவார வேலையும் நடக்கும். மாடுலர் முறையில் காலம் மிச்சமாவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஆனால் தனித்தனியே நடக்கும் இந்த இரண்டு வேலைகளும் கிரேன் வந்து நிற்கும் நாளில்தான் முதல்முறையாக நேருக்கு நேர் சந்திக்கின்றன. தவறு இருந்தால் அன்றைக்குத்தான் தெரியும். அன்றைக்குத் திருத்துவது மிகுந்த செலவு பிடிக்கும் காரியம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாலையில் லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டியிருப்பதால், ஒரு தொகுதியின், அதாவது தொழிற்சாலையில் முழுதாகத் தயாராகி வரும் ஒரு பெட்டி அறையின், அகலம் பெரும்பாலும் 3 முதல் 4 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 55 அல்லது 60 சதுர மீட்டர் வகுப்பறை ஒன்றை அமைக்க இரண்டு அல்லது மூன்று தொகுதிகளைப் பக்கம் பக்கமாக வைத்துச் சேர்க்க வேண்டும். அப்படியானால் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அறையின் நடுவிலேயே இணைப்புக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டின் நெடுகிலும் தரைமட்டம் சேர வேண்டும், கூரையில் மழைநீர் இறங்கக் கூடாது, தீத்தடுப்பு அடைப்பு விடுபடக் கூடாது, பக்கத்து அறையின் சத்தம் கசியக் கூடாது. மேல்மாடி இருந்தால், மேல் தொகுதியின் மூலைத் தூண்கள் கீழ்த் தூண்களின் தலையில் சரியாக உட்கார வேண்டும். அஸ்திவாரத்தில் பதித்த போல்ட்டுகள் சில மில்லிமீட்டருக்குமேல் விலகினால்கூடச் சிக்கல்தான். கான்கிரீட் வேலையில் அதைவிடப் பெரிய வித்தியாசங்களைப் பூச்சில் மறைத்துப் பழகியவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எளிதில் கைவராது.

முதல் கட்டடத்தை முடித்த அணிக்கு இதெல்லாம் தெரியும். எந்தத் தொகுதியை முதலில் இறக்கினால் அடுத்தவை தடையின்றி இறங்கும், கிரேன் நிற்கும் இடத்தின் மண் எவ்வளவு எடை தாங்கும், லாரி எந்த வாசலில் திரும்ப முடியாமல் நிற்கும் என்பவற்றில் வரைபடத்தில் ஏறுவது பாதிதான். மீதி அவர்கள் நினைவில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, யார் வேலை எங்கே முடிகிறது, யாருடையது எங்கே தொடங்குகிறது என்ற எல்லைத் தகராறு அவர்களுக்குள் ஏற்கெனவே தீர்ந்திருக்கும். இரண்டு தொகுதிகளுக்கு இடையிலான கழிவுநீர்க் குழாயை இணைப்பது தொழிற்சாலையின் பொறுப்பா, களத்திலுள்ள பிளம்பரின் பொறுப்பா? புதிதாகச் சேர்ந்த இரு தரப்பும் அதை மற்றவர் வேலை என்றே நினைத்திருப்பார்கள். என் அனுபவத்தில், கூரை ஒழுகியதாக வந்த புகார்களில் பெரும்பாலானவை பொருளின் தரத்தால் வந்தவை அல்ல. இப்படி யாருக்கும் சொந்தமில்லாமல் போன இணைப்புகளால் வந்தவை.

விலைக்கு வருவோம். புதிய டெண்டரில் ஒரு தொழிற்சாலை குறைந்த விலை சொன்னால், அந்தத் தொகையை மட்டும் ஒப்பிடாதீர்கள். அவர்களுடைய தொகுதியின் அளவும் தரையின் தடிமனும் வேறாக இருந்தால், பழைய கட்டடத்தோடு நடைபாதை சேரும் இடத்தில் படியோ சாய்தளமோ போட வேண்டிவரும். கட்டமைப்புக் கணக்கீடுகளும் இணைப்புகளுக்கான தீச்சோதனைச் சான்றுகளும் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். பழைய அணி தொடர்ந்தால், விதிகள் மாறாத வரையில் அவற்றில் பெரும்பகுதியை அப்படியே பயன்படுத்தலாம். மேலும், பிள்ளைகள் இல்லாத விடுமுறை நாட்களில்தான் கிரேன் வேலையை வைத்துக்கொள்ள முடியும். அந்த நாட்களைத் தவறவிட்டால் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க வேண்டும்; இந்தச் செலவு எந்த டெண்டர் தாளிலும் இருக்காது. இவ்வளவையும் கூட்டிப் பார்த்த பிறகும் புதியவரின் விலை குறைவாக இருந்தால், தயங்காமல் மாற்றலாம்.

கேள்வி: ஒரே அணி தொடர்ந்ததால் பள்ளிக் கட்டடங்கள் மேம்பட்டதற்கு வரலாற்றில் சான்று உண்டா?

பதில்: உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் நடந்த பணியை இதற்கு முதல் உதாரணமாகச் சொல்வேன். குழந்தைகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. செங்கல்லும் மரமும் கைதேர்ந்த கொத்தனார்களும் கிடைக்கவில்லை. 1946 முதல் மாவட்டத்தின் கட்டடக் கலைத் துறை, ஹெர்பர்ட் ஆஸ்லின் தலைமையிலும் அவருக்குத் துணையாக இருந்த ஸ்டிராட் ஜான்சன்-மார்ஷல் வழிகாட்டலிலும், லேசான எஃகுச் சட்டத்தையும் தயாரிப்புக் கூறுகளையும் கொண்டு பள்ளிகளைக் கட்டத் தொடங்கியது. இன்றைய முழு அறைத் தொகுதி அல்ல அது. 8 அடி 3 அங்குல அளவுள்ள சதுரக் கட்டங்களாகப் பிரித்த வரைபடத்தில் அமைந்த சட்டமும் பலகைகளும்தான். ஆனால் வேலை செய்த விதம் நமக்குப் பொருந்தும். ஒவ்வோர் ஆண்டும் ஒரு தொகுப்பாகப் பள்ளிகளைக் கட்டினார்கள். முந்தைய ஆண்டுப் பள்ளிகளுக்கே திரும்பிச் சென்று ஆசிரியர்களிடம் கேட்டு, கைகழுவும் தொட்டியின் உயரத்திலிருந்து வகுப்பறையின் வெளிச்சம் வரை திருத்தி, அடுத்த ஆண்டின் கூறுகளைத் தயாரிப்பாளரோடு உட்கார்ந்து மாற்றினார்கள். 1950-களின் நடுப்பகுதிக்குள் சுமார் நூறு பள்ளிகள் எழுந்தன.

ஜான்சன்-மார்ஷல் 1948-இல் கல்வி அமைச்சகத்துக்குச் சென்றார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் அவரோடு பணியாற்றிய கட்டடக் கலைஞர்களான டேவிட் மெட், மேரி மெட் தம்பதியரும் அவரைப் பின்தொடர்ந்தனர். அவர்கள் எடுத்துச் சென்றது ஒரு வரைபடத்தை மட்டும் அல்ல, சேர்ந்து உழைக்கும் பழக்கத்தையும்தான். 1957-இல் உள்ளாட்சி அமைப்புகள் பல கூடி ‘கிளாஸ்ப்’ என்ற கூட்டமைப்பை உருவாக்கின. அந்தப் பெயரிலேயே அறியப்படும் அதன் கட்டுமான முறை, நாட்டிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் டொனால்ட் கிப்சனின் கட்டடக் கலைத் துறை தொடங்கியது. நிலக்கரிச் சுரங்கங்களால் நிலம் தாழும் பகுதிகளில் கட்டடம் விரிசல் விடாமல் நிலத்தோடு இசைந்து அசையும்படி அமைத்தார்கள். அந்த முறையில் கட்டிய பள்ளி ஒன்று 1960-இல் இத்தாலியின் மிலான் நகரில் நடந்த ‘திரியென்னாலே’ வடிவமைப்புக் கண்காட்சியில் உயரிய விருது பெற்றது.

அட்லாண்டிக்கின் மறுகரையில், 1961-இல் எஸ்ரா எரன்கிராண்ட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் கலிஃபோர்னியாவில் 13 பள்ளி மாவட்டங்களைச் சேர்த்து ஒரு திட்டத்தைத் தொடங்கினார். தனித்தனிப் பள்ளியாகப் போனால் எந்தத் தயாரிப்பாளரும் புதிய கூறு ஒன்றை வடிவமைக்க முன்வரமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே எல்லாருடைய தேவையையும் ஒன்றாகத் திரட்டி, நிச்சயமான அளவு வேலையைக் காட்டி, சட்டமும் கூரையும் குளிர்சாதனமும் தடுப்புச் சுவரும் ஒன்றோடொன்று பொருந்தும்படி தயாரிப்பாளர்களை வடிவமைக்க வைத்தார். தொடர்ந்து வேலை உண்டு என்ற உறுதி கிடைக்கும்போதுதான் ஒரு தொழிற்சாலை அச்சுகளிலும் பயிற்சியிலும் பணம் போடும். உங்கள் பள்ளியின் மூன்று கட்டங்களும் சிறிய அளவில் அத்தகைய உறுதிதான்.

கேள்வி: ஒரே அணி தொடர்ந்தால் மெத்தனம் வராதா? தவறும் சேர்ந்தே தொடராதா?

பதில்: வரும், தொடரும். மேலே பாராட்டிய கிளாஸ்ப் முறையே இதற்குச் சாட்சி. 1974 டிசம்பரில் நாட்டிங்ஹாம்ஷயரின் எட்வால்டன் என்ற ஊரில், அதே முறையில் கட்டியிருந்த முதியோர் இல்லம் ஒன்று தீப்பிடித்து 18 பேர் உயிரிழந்தனர். உள்கூரைக்கு மேலே தடுப்பில்லாமல் நீண்டு கிடந்த வெற்றிடம் தீயும் புகையும் பரவ வழிவிட்டது. ஒரே முறையைப் பல கட்டடங்களில் பயன்படுத்தும்போது குறையும் அத்தனை கட்டடங்களுக்கும் போகிறது. கற்றுக்கொண்டது எப்படிப் பெருகுமோ, கவனிக்கத் தவறியதும் அப்படியே பெருகும்.

இதற்கு மருந்து அணியை மாற்றுவது அல்ல. மாற்றினால் பழைய குறை போய் வேறு குறைகள் வரலாம், அவ்வளவுதான். கட்டுபவர்களை வைத்துக்கொண்டு, சோதிப்பவரை மாற்றுங்கள் என்பேன். ஒவ்வொரு கட்டத்திலும் அணியைச் சாராத ஒரு பொறியாளர், தொழிற்சாலையில் உள்பலகை மூடப்படும் முன் தொகுதிகளைப் பார்வையிட வேண்டும். இந்த இடத்தை அழுத்திச் சொல்கிறேன்: மாடுலர் தொகுதி களத்துக்கு வரும்போது சுவரும் கூரையும் மூடிய நிலையில்தான் வருகிறது, உள்ளே தீத்தடுப்பு அடைப்பு இருக்கிறதா, போல்ட் முறுக்கப்பட்டதா என்று அங்கே யாராலும் பார்க்க முடியாது. விலையில் மெத்தனம் வராதிருக்க, தயாரிப்புச் செலவின் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முதல் கட்டத்தில் செய்த அச்சுகளுக்கும் வரைபடங்களுக்கும் ஏற்கெனவே நீங்கள் பணம் கொடுத்துவிட்டீர்கள். இரண்டாம் கட்டத்தின் விலையில் அது குறைந்திருக்க வேண்டும்.

கேள்வி: நிறுவனம் அதேதான், ஆனால் ஆட்கள் மாறிவிட்டார்கள். தொழிற்சாலையே நொடித்துப் போனால் என்ன செய்வது?

பதில்: நிறுவனத்தின் பெயர் தொடர்வதை அணி தொடர்வதாக எண்ணுவது நிர்வாகக் குழுக்களில் அடிக்கடி காணும் பிழை. திட்டப் பொறியாளர், உற்பத்தி மேற்பார்வையாளர், களத்தில் பொருத்துபவர்களின் தலைவர் ஆகிய மூவரின் பெயர்களையாவது ஒப்பந்தத்தில் குறிப்பிட்டு, அவர்களை மாற்றுவதானால் உங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும், புதியவரோடு பழையவர் குறிப்பிட்ட காலம் சேர்ந்து பணியாற்றிப் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்றும் எழுதிவிடுங்கள். வடிவமைப்பாளருக்கு வரைபடம் முடிந்ததும் கணக்கு முடிக்கும் வழக்கத்தை விடுத்து, தொகுதிகள் பொருத்தப்படும் வரை ஊதியத்தின் ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள்.

நொடிப்பு என்பது வெறும் கற்பனை அல்ல. 2023-இல் இங்கிலாந்தில், மாடுலர் முறையில் புதிதாகக் கட்டிய மூன்று பள்ளிகளின் கட்டடங்களை மூடும்படி கல்வித் துறை அறிவுறுத்தியது. கடுங்காற்று, வாகன மோதல் போன்ற நிலைகளை அவை தாங்குமா என்ற கவலையே காரணம். அவற்றைத் தயாரித்த நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே நொடித்துப் போயிருந்தது. அப்படி ஒரு நிலையில், கட்டியவர்களை அழைத்துக் கேட்க வழியிருக்காது. கையில் உள்ள ஆவணம்தான் பேசும். ஆகவே ஒவ்வொரு தொகுதிக்கும் எண் இட்டு, மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், பயன்படுத்திய எஃகின் சான்று, களத்தில் செய்த மாற்றங்கள் ஆகியவற்றைக் கொண்ட கோப்பைத் தொகுதி தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும் அன்றே பள்ளி பெற்றுக்கொள்ள வேண்டும். எல்லாம் முடிந்தபின் தருகிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: எங்களுடையது சிறிய பள்ளி. ஒரே ஒரு கட்டடம்தான். எங்களுக்கு இதெல்லாம் பொருந்துமா?

பதில்: கட்டடங்களுக்கு இடையிலான தொடர்ச்சி உங்களுக்கு இல்லை, நிலைகளுக்கு இடையிலான தொடர்ச்சி உண்டு. வரைபடம் தொடங்கும்போதே தொழிற்சாலையையும் களத்தில் பொருத்துபவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். வரைபடம் முழுவதையும் முடித்துவிட்டு அதன்பின் தொழிற்சாலையைத் தேடினால், அவர்களின் தொகுதி அளவுக்கு ஏற்ப எல்லாவற்றையும் மறுபடி வரைய நேரும். இன்னொரு வழி, உங்களைப் போன்ற பள்ளிக்கு அண்மையில் சேர்ந்து பணியாற்றிய அணியையே மொத்தமாக அமர்த்துவது. அவர்கள் அங்கே கற்றது உங்களுக்குக் கிடைக்கும்.

கேள்வி: நான் ஆசிரியை. இந்த அணியில் எங்களுக்கு இடம் உண்டா?

பதில்: கட்டாயம் உண்டு, ஆனால் ஒருவருக்குத்தான். எல்லா ஆசிரியர்களின் கருத்தையும் கேட்டுத் தொகுத்து, பள்ளியின் சார்பில் முடிவு சொல்லும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். அவர் கடைசிக் கட்டம் வரை மாறாமலும் இருக்க வேண்டும். பள்ளித் தரப்பில் ஆள் மாறி, ஒப்புதல் கொடுத்த வரைபடத்தை மறுபடி திறப்பதால் வரும் தாமதம் ஒப்பந்ததாரரால் வரும் தாமதத்துக்குக் குறைந்ததல்ல. முதல் கட்டடத்தில் ஓராண்டு பாடம் நடத்திய பிறகு, எந்த அறையில் வெயில் உறைக்கிறது, மாடியில் பிள்ளைகள் நடக்கும்போது கீழே எவ்வளவு சத்தம் கேட்கிறது, எந்தக் கதவு நடைபாதையை அடைக்கிறது என்று அறை எண்ணோடு குறித்துக் கொடுங்கள். அடுத்த கட்டத்தின் வரைபடத்தில் பள்ளி கையெழுத்திடும் நாளுக்கு முன்னதாக அது வடிவமைப்பாளரின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.